தேன் லேபிள், பதினேழாவது

முதல் லேபிளில் ஒரு தேனீ இருந்தது.
'எல்லாரும் தேனீதான் வைக்கிறாங்க' என்றார்
ரிவ்யூவுக்கு வந்தவர்.
எடுத்தேன். அறுகோணம் வந்தது.
பாத்ரூம் டைல்ஸ் மாதிரி இருக்கிறதென்று
பெனிஷாவே சொல்லிவிட்டாள், அவள் என் கட்சி.
ஐந்தாவதில் மஞ்சள். ஆறாவதில் வேறு மஞ்சள்.
திரையில் தேனாக இருந்தது
அச்சில் இருமல் மருந்தாக வந்தது.

ஒன்பதாவது எனக்குப் பிடித்திருந்தது.
பார்த்துக்கொண்டே இருந்ததில்
சேமிக்கவில்லை.
கரண்டு போயிற்று.

சாயங்காலம் ஆறு மணிக்குமேல்
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
பிளெக்ஸ் கடையில் வேலை.
பிறந்தநாள், ஞானஸ்நானம், கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி,
எல்லாம் சதுர அடிக் கணக்கு.
கல்லூரியில் வெற்றிடம் விடச் சொல்வார்கள்.
இங்கே விட்டால்,
'சும்மா கெடக்க எடத்துல மாமன் போட்டோவ போடு.'
மாமனைப் போடுவேன்.

அன்றைக்கு ஒரு பையன் வந்தான்.
அப்பா போய் நாலு மணிநேரம்.
செல்போனில் இருந்தது ஒரே படம்:
யாருடைய கல்யாணத்திலோ
எதையோ மென்றுகொண்டே சிரிக்கிறார்.
சுற்றி நின்றவர்களை வெட்டினேன்.
தோளில் ஒரு கை மிச்சமிருந்தது.
யாரு கை, என்றேன்.
தெரியாது, என்றான்.
மோதிரமில்லாத, நகம் கடித்த கை.

சட்டைக் கோடுகளை ஒவ்வொன்றாக
அந்தக் கையின் மேல் நீட்டி வரைந்தேன்.
முக்கால் மணிநேரம்.
கை மறைந்தது.
தோள் மட்டும் ஒரு பக்கம் இறங்கியே இருந்தது.
கை போன பிறகும் அதன் கனம் போகவில்லை.

மை காயாததால் சுருட்டாமல்
நண்பனின் பைக் பின்னால் உட்கார்ந்து
இரு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு போனான்.
காற்று பிளெக்ஸை உப்பியது.
பாலத்தூண் திரும்பும்வரை
அவர் மூச்சுவிட்டார்.

கையை நான் அழித்துவிடவில்லை.
வேறொரு லேயரில் இருக்கிறது,
கண் அடையாளத்தை அணைத்திருக்கிறேன்.

மாசிக் கடைசியில்
சுஜிகலா அக்காவின் பெட்டிகளைப் பார்க்கப் போனேன்.
பேச்சிப்பாறை போகும் வழி, ரப்பர் தோட்டம்.
காற்றில் சாய்ந்த மரமொன்று
ஒரு கொப்பை என் முகத்துக்கு நேராக நீட்டியிருந்தது.
ஈக்கள் பூவில் இல்லை.
மூன்று இலை கூடும் காம்பில்
வியர்வைபோலக் கசிந்ததைக் குடித்துக்கொண்டிருந்தன.
தளிர் செம்பு நிறம்.
பதினாறு லேபிள், பதினாறு பூ.
ஒன்றைக்கூட நான் பார்த்து வரைந்ததில்லை.

பதினேழாவதில்
ஒரு காம்பு, மூன்று இலை, செம்பு, மீதியெல்லாம் வெறுமை.
'தேன்' என்பதைக் கையால் எழுதினேன்.
னகரப் புள்ளியைத் துளியாக்க ஆசை வந்தது.
எல்லாருக்கும் வருகிற ஆசை.
அடக்கிக்கொண்டேன்.

அக்கா இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.
'கொள்ளாம் மக்ளே. பூவு எங்க?'
ரப்பர்ல பூவுல எடுக்காதுல்லா, நீங்கதான காட்டினீங்க.
'எனக்குத் தெரியும்.
கடையில வாங்குறவனுக்குத் தெரியண்டாமா?
பூவு இல்லாம தேனுன்னா ஆரு நம்புவா?'

பதினெட்டாவதில் பூ இருக்கிறது.
அதை வைப்பதற்காகக் காம்பை எடுத்தேன்.
மூன்று இலைகளும்
அது இருந்த இடத்தை நோக்கிச் சரிந்தே நின்றன.
நிமிர்த்த ஒரு நிமிஷம் போதும்.
அப்படியே அனுப்பினேன், இருநூறு ஸ்டிக்கர்.

'லேசா சரிஞ்சிருக்கே' என்றார்
கடை கிறிஸ்துராஜ் அண்ணன்.
ஆமா, என்றேன்.