இரும்புக்குத் தழைச்சத்து

அறுவடை இயந்திரத்தின் இருபத்து நான்கு முக்கோணப் பற்களைச்
சாக்கில் சுற்றி மடியில் வைத்து
நீடாமங்கலத்திலிருந்து வல்லத்துக்கு பஸ்ஸில் வந்தேன்.
மீனா என்று கேட்டார் கண்டக்டர்.
இரும்பு என்றேன்.
லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

நெல்லை மெல்லியது என்பவர்கள்
அதன் தோகையை விரலால் மேலிருந்து கீழே ஒருமுறை உருவட்டும்.
ஆறு இழைத்து இழைத்துக் கொண்டுவந்த மணலை
வேர் கரைத்துக் குடித்திருக்கிறது.
பத்து நாள் அறுத்தால் எஃகு மழுங்கும்.
கத்தியிடம் நெல் சொல்ல வேறு வழக்கில்லை.

பன்னிரண்டை மட்டும் வெற்றிடக் கலத்துக்குள் அடுக்கினேன்.
காற்றை உறிஞ்சித் தீர்க்க நாலு மணி நேரம்,
நடுவில் இரண்டு முறை கரண்ட் போனது.
பிறகு நைட்ரஜன்:
அண்ணன் பாலகுரு கடனுக்கு மூட்டையாக வாங்கி
வயலில் வீசுவதும்
ஜன்னலுக்கு வெளியே சும்மா கிடப்பதும் அதுதான்.
ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டு
ஒரு லட்சம் வோல்ட்டில் தள்ளினால்
அழைக்காத வீட்டுக்குள்ளும் நுழையும்.
கண்ணாடித் துளையில் கத்தரிப்பூ நிறம்.

வெளியே எடுத்தபோது
எடை அதே, அளவு அதே.
உள்ளே போன ஆழம்
ஒரு தலைமயிரின் பருமனில் எழுநூறில் ஒரு பங்கு.
"நான் தடவுற கிரீஸே இதைவிட தடிமன் மேடம்"
ஆத்தூர் டிரைவர் செங்கோடன் சிரித்தார்.
மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை.
பின்புறம் எண் குத்தி
முன்புறம் நகப்பூச்சில் சிவப்புப் பொட்டு வைத்துக் கொடுத்தேன்.
நகப்பூச்சு அறைத்தோழி நசீமாவுடையது.
இன்னும் கேட்கிறாள்.

மாசிக் கடைசிவரை வடுவூர்ப் பக்கம் அறுத்தார்.
பொட்டுகள் மூன்றாம் நாளே போயின.
யாரோ புதைத்து மறந்த எல்லைக்கல்லில் மோதி
நாலு பற்கள் உடைந்தன,
அதில் மூன்று என்னுடையவை.
கல்லுக்கு நான் எதுவும் யோசித்திருக்கவில்லை.

மிச்ச ஒன்பதை அளந்தேன்.
நான் நைட்ரஜன் வைத்த ஆழம்
எப்போதோ தேய்ந்து வைக்கோலோடு போயிருந்தது.
முனை மட்டும் நின்றது.

ஒன்றை அறுத்துப் பார்த்தேன்.
நான் அனுப்பாத ஆழத்தில்
இருந்தது.
மேலே தேயத் தேயக்
கீழே கீழே இறங்கியிருக்கிறது.
ஏன் என்பதற்கு மூன்று விளக்கங்கள் படித்தேன்,
மூன்றையும் பாதிதான் நம்புகிறேன்.

செங்கோடன் போன் செய்தார்:
"ஆந்திராவுக்கு வண்டி கிளம்புது.
அந்தப் பல்லு எல்லாம் வேணும்."
காரணம் கேட்கவில்லை அவர்.
எட்டைக் கொடுத்தனுப்பினேன்.
ஒன்பதாவது இரண்டு துண்டாக
என் மேஜையில் கிடக்கிறது,
அண்ணனின் யூரியா ரசீதுகள்
ஃபேன் காற்றில் பறக்காமல்.