கடைமடைக்குத் தண்ணீர் வந்த தேதி

தேதி இல்லாமல் தேட முடியாது என்றார்
தாலுகா ஆபீஸ் பதிவறை ரெஜினா மேரி.
வருஷம் சொன்னேன். போதாது.
ஆவணியாக இருக்கலாம் என்றேன்.
இங்க ஆவணி கிடையாதும்மா, ஆகஸ்ட்டு, செப்டம்பர்தான்
என்று மின்விசிறியை என் பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டார்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்:
முள்ளியாற்றுத் தண்ணீர் எங்கள் மடைக்கு வந்த
மூன்றாம் நாள் அம்மா செத்தாள்.
அப்பா அப்படித்தான் சொல்வார்.
நாற்று முடியை வரப்பில் வைப்பது மாதிரி
அந்த வாக்கியத்தை வைத்துவிட்டு
எழுந்து போய்விடுவார்.
மற்ற வீடுகளில் திதி சொன்னார்கள்.
எங்கள் வீட்டில் தண்ணீர்.

நாலுவழிச் சாலை எடுத்துக்கொண்ட
மூன்று மா மஞ்சக்காணி
இன்னும் அவள் பேரில்தான் கிடக்கிறது.
தையல்நாயகி, கணவர் பெயர் உத்திராபதி.
நஷ்டஈட்டு நோட்டீசும் அவளுக்குத்தான் வருகிறது,
அசல் ஆவணங்களோடு நேரில் ஆஜராகும்படி.

பொதுப்பணித்துறைப் பிரிவு அலுவலகத்தில்
லஸ்கர் துரைக்கண்ணு சிரித்தார்.
சாவைத் தேடிக்கிட்டு மதகுக்கு வந்த மொத ஆளு நீங்கதான்.
பரண்மேல் ஏறி ஒரு ஷட்டர் நோட்டைத் தள்ளினார்.
கரையான் ஓரங்களைத் தின்றுவிட்டு
எண்களை விட்டு வைத்திருந்தது.

ஆகஸ்ட் இருபத்தாறு. இரவு பதினொன்றரை.
தலைமதகு திறப்பு. அளவு ஒன்றேகால் அடி.
உங்க ஊருக்கு ஒரு நாள் சேத்துக்கங்க என்றார்.
பிறகு யோசித்து,
வழியில எவனாவது வாய்க்கால அடைச்சிருப்பான்,
ஒன்றரையா வச்சுக்கங்க.

இருபத்தெட்டில் தண்ணீர். முப்பதில் சாவு.
விரல் விட்டு எண்ணிக்கொண்டே பஸ் ஏறினேன்.

முப்பதில் தேடினார் ரெஜினா மேரி,
எங்கள் ஊர்ப் பெயர் வரும் இடமெல்லாம் விரல் நிறுத்தி.
அம்மா அங்கே இல்லை.
ஒரு பக்கம் பின்னால் போனார்.
இருபத்தொன்பதில் இருந்தாள்.

அந்த வருஷம் யாரும் வாய்க்காலை அடைக்கவில்லை.

பெயர் தையல்நாயகி. பால் பெண்.
வயது இருபத்தாறு.
என் மகளுக்கு இப்போது இருபத்தெட்டு.
காரணம் பிரசவம்.

அதற்குக் கீழே, அதே மசி, அதே கை,
தேதி மட்டும் முப்பது.
பெயர் இல்லை. பால் ஆண். வயது ஒரு நாள்.
தந்தை உத்திராபதி.

காற்றில் பக்கம் எழும்பியது.
ரெஜினா மேரி உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டார்.
நான் பார்த்துவிட்டேனா என்று பார்த்தார்.
அம்மாவோடத மட்டும் வாங்கிக்கங்க என்றார், குரலைத் தாழ்த்தி.
இதையும் காட்டுனீங்கன்னா வாரிசுக் கணக்கு குழம்பிப்போவும்.
தாய் போனப்ப புள்ள உசுரோட இருந்திருக்கு.
அப்ப அதுக்கும் பங்கு வந்துரும்.
அது போனதும் தகப்பனுக்கு, தகப்பன்கிட்டேருந்து உங்களுக்கு.
சுத்திச் சுத்தி அங்கதான் வரும்,
ஆனா ஆறு மாசம் அலைய விட்ருவாங்க.

மூன்று மா. மூன்று பேர்.
ஆளுக்கு ஒரு மா.

வெடிப்புகளில் தண்ணீர் இறங்கி
நண்டு வளையெல்லாம் குமிழி விட்டுக்கொண்டிருந்த
ஒரு மா நிலத்துக்கு
ஒரு நாள் முழுக்க ஒருவன் சொந்தக்காரனாக இருந்திருக்கிறான்.
அவனுக்கு யார் பால் கொடுத்தார்கள்?
அந்தப் பேரேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

நான்காம் நாள் என்று ஒன்று இருந்ததால்தான்
அப்பா மூன்றாம் நாளோடு நிறுத்தியிருக்கிறார்.

விண்ணப்பத்தில் எத்தனை நகல் என்ற இடத்தில்
இரண்டு என்று எழுதினேன்.
ஒரே ஆளுக்கா என்று கேட்டார்.
இல்லை என்றேன்.

ஒன்றும் பேசாமல் ரசீதுப் புத்தகத்தை இழுத்து
கார்பன் தாளைச் சரிசெய்து
நகல் கட்டணம் இரண்டுக்கு எழுதினார்.
தேடுதல் கட்டணம் ஒன்றுக்கு.

நீங்க தேடுனது ஒண்ணுதானே என்றார்.