நான்கு ஆணித் துளைகள்

முகப்பு நாலரை மீட்டர்.
நீளம் ஐம்பத்தெட்டு.
ஹோய் ஆனில்
வீட்டைப் படுக்கவைத்துத்தான் வளர்க்கிறார்கள்,
தலை தெருவில், கால் ஆற்றில்.

நகரசபைக்காக அளக்க வந்தவன் நான்.
நாடாவின் மறுமுனை சுயென் கையில்.
மாடி அவள் பெயரில் இருக்கிறது.
கீழே இலவங்கப்பட்டைக் கடை
கொழுந்தன் தோவான் பெயரில்.
பத்திரத்தின் நடுவில் ஓடும் அந்தக் கோடு
இந்த வீட்டில் இரண்டு அங்குலப் பலகை.

தூண்கள் பலா.
மண் தொடாமல் கல் மணைமேல் நிற்கின்றன.
ஓடுகள் ஒன்று மல்லாந்து, அடுத்தது கவிழ்ந்து.
கடைக்குக் கதவென்று ஒன்றில்லை,
பதினொரு பலகைகள்.
காலையில் ஒவ்வொன்றாய் உருவி எடுத்தால்
சுவரே வாசல்.
நிலைக்கு மேல் இரண்டு மரக்கண்கள்
கடன்காரனையும் ரொக்கக்காரனையும்
ஒரே மாதிரி பார்க்கின்றன.
எல்லாம் எழுதிக்கொண்டேன்.

மாடியில் பாயை நகர்த்தியபோதுதான்
அந்தச் சதுரம்.
முக்கால் மீட்டருக்கு முக்கால்.
நேர் மேலே உத்திரத்தில் கப்பி.
மூலைக்கொன்றாய் ஆணித் துளை;
மூன்று வட்டம்,
ஒன்று மட்டும் கிழிந்திருந்தது.

"வெள்ளம் வந்தால் கடையை மேலே ஏற்ற."
சரி, துளைகள்?
நாடாவை முழுக்கச் சுருட்டிவிட்டுத்தான் சொன்னாள்.

கணவனின் அடக்கச் செலவில் தொடங்கிய பேச்சு
நாலு வருடம் பேச்சில்லாமல் நடந்தது.
மேலிருந்து இவள் ஆணி அடித்தாள்.
கீழே அவன் நிறுத்துக்கொண்டிருந்தானாம்,
முள்கூட அசையவில்லையாம்.

பத்தாம் மாத மழை.
இரவோடிரவாக ஆறு பின்வாசலால் வந்தது.
தோவான் கூப்பிடவில்லை.
பதினொரு பலகைகளையும் கழற்றினான்.
வழி விடாத வீட்டை ஆறு
கூடவே கூட்டிப்போய்விடும்.
பின்கட்டு ஏணிப்படியில்
ஆள் ஏறலாம், மூட்டை திரும்பாது.

அவள் சதுரத்தில் காதை வைத்துப் படுத்திருந்தாள்.
அவன் மூச்சு கேட்டது.
தண்ணீர் கேட்டது.
பிறகு மரப் பணப்பெட்டி மிதந்துபோய்
தூணில் முட்டும் சத்தம்.
டொக்.
கொஞ்சம் பொறுத்து, டொக்.
அந்தப் பெட்டியை அவளுக்குத் தெரியும்.
கல்யாணமான புதிதில்
அதன்மேல் உட்கார்ந்துதான் கணக்கு எழுதினாள்.

மூன்று ஆணி இடுக்கிக்கு வந்தது.
நாலாவதை
இவள் மேலிருந்து இழுக்க
அவன் தராசுக் கோலால் கீழிருந்து நெம்ப
பலகையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

முப்பத்திரண்டு மூட்டை பட்டை.
பணப்பெட்டி.
கடைசியாக, இடுப்புவரை சேறாய், அவன்.
"துண்டு அங்கே இருக்கிறது" என்றாளாம்.
அவ்வளவுதான்.

விடிந்ததும் மாடிச் சன்னலில் ஒரு படகு.
கால் கிலோ பட்டை வேண்டும்.
தராசு தண்ணீருக்கடியில்.
அவள் கையால் நிதானித்துக் கொடுத்தாள்.
காசை யார் வாங்குவதென்று
இருவரும் தயங்கியதில்
படகு நகர்ந்துவிட்டது.

தரையில் திறப்பு இருந்தால்
விட்டுவிட்டு வரும் கோட்டால் காட்ட வேண்டும்,
எங்கள் விதி.
போட்டேன்.
ஆணிகளுக்குக் குறியீடு கிடையாது.

"இப்போது பேசிக்கொள்கிறீர்களா?"
"மழைக்காலத்தில்" என்றாள்.
பாயை மறுபடி விரித்தாள்,
சதுரத்திலிருந்து
ஒரு சாண் தள்ளி.