முதலில் நீளும் கை

ஆராவ் நகர ஆஸ்பத்திரி, நிலவறை.
லிஃப்ட் கதவு திறந்ததும்
வருகிறவர்களின் கை முதலில் என்னிடம்தான் நீளும்.
ஆறடி இரண்டங்குலம் நான்.
காதோரம் மட்டும், அளந்து பூசியதுபோல், நரை.
காலை வணக்கம் சொன்னாலே
தீர்ப்பு வாசித்தது மாதிரி விழும் தொண்டை.

ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள்.
இங்கே எல்லோருக்கும் ஒரே பச்சை ஆடை.
மிச்சப் பாதி, அவரவர் பிறக்கும்போது கொண்டு வந்தது.

நான் சேர்ந்து எட்டு மாதம்.
மங்கையற்கரசி சேர்ந்து பத்தொன்பது வருடம்.
அவளிடம் நீளமானது பெயர் ஒன்றுதான்,
அதையும் மேல்மாடிக்காரர்கள் நறுக்கி
மங்கா ஆக்கிவிட்டார்கள்.
மேல்தட்டு எட்டாததால்
ஒரு நீலப் பிளாஸ்டிக் முக்காலி
காலால் தள்ளப்பட்டு
அறை அறையாய் அவளோடு வரும்.
அவள் பேசினால் பாதியை மெஷின் விழுங்கிவிடும்.
இந்தப் பிரிவின் தலைவி அவள்.

கத்தரி, இடுக்கி, எலும்பு வாள்
எல்லாம் இரத்தத்தோடு இறங்கி வரும்.
கழுவி, எண்ணி, பொதிந்து,
நீராவிக்குள் தள்ளி, மேலே அனுப்புவோம்.
முதல் நாள் ஒரு இடுக்கியைத் தூக்கிப் பிடித்து
மின்னுது என்றேன்.
"மின்னுறது வேற, துப்பரவு வேற."
அதன் பூட்டைக் கழற்றி
விளக்கடியில் வைத்தாள்.
குனிந்து பார்த்தேன்.
மயிரளவு பழுப்பு.

மார்ச்சில் ஆய்வுக்கு மூன்று பேர்.
சாம்பல் கோட்டுக்காரர் நேரே என்னிடம் வந்தார்:
"ஹெர் லைட்டர்?"
இந்த ஊர்ப் பேச்சில் தலைவனுக்கும் அதே சொல்,
ஏணிக்கும் அதே சொல்.
மற்ற நாட்களில் உடனே அவள் பக்கம் கை காட்டிவிடுவேன்.
அன்று காட்டவில்லை.
இருபது வருடம் ஓட்டல் பின்வாசல்களில்
தட்டுக் கழுவின கை இது.
கோட்டு போட்ட ஒருவர் அதைப் பற்றிக்கொண்டு
விடாமல் குலுக்கினார்.
சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் மெஷினின் அழுத்தம்
நிலையாக இருக்கிறதா என்றார்.
எனக்குத் தெரியாது.
"இருக்கிறது" என்றேன்,
அந்தத் தொண்டையில்.
எழுதிக்கொண்டார்.

பின்னறையில் முக்காலி மேல் நின்று
பெட்டி எண்ணிக்கொண்டிருந்தவள் இறங்கினாள்.
பதிவேட்டை விரித்து ஒரு வரியில் விரல் வைத்தாள்.
சனிக்கிழமை இரண்டு தடவை இறங்கியது,
அன்றிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறேன்,
நாற்பத்தியொரு பொதி திரும்பக் கழுவினோம்.
மெல்லத்தான் சொன்னாள்.
சாம்பல் கோட்டுக்காரர் பதிவேட்டைப் பார்த்தார்.
அவளைப் பார்த்தார்.
பிறகு, அது சரியா என்று,
என் முகத்தைப் பார்த்தார்.

தலையாட்டினேன்.
அதற்குப் பிறகுதான் பழைய வரியை அடித்தார்.

அவர்கள் போனபின் அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
மத்தியானம் தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து
எப்போதும்போல் ஒரு வடை தந்தாள்.
அது இறங்கவில்லை.

ஜூனில் மேல்மாடியிலிருந்து கடிதம்,
தலைமைப் பயிற்சிக்கு என்னைத் தேர்ந்திருக்கிறார்களாம்.
காரணம் என்ற இடத்தில் ஒரே சொல்:
ஆளுமை.
உங்களுக்கு இப்படி எத்தனை கடிதம் வந்தது
என்று அவளிடம் கேட்க நினைத்தேன்.
இவ்வளவு பெரிய தொண்டையில்
அது மட்டும் ஏறவில்லை.

கடிதம் லாக்கரில் கிடக்கிறது.
பதில் போடக் கடைசி நாள் வெள்ளி.
இன்று புதன், இரவு வேலை,
அவள் விடுமுறையில்.
முழங்கால் அறுவைக்குப் போகும் இடுக்கி ஒன்று
நன்றாக மின்னுகிறது.
பூட்டைக் கழற்றுகிறேன்.
விளக்கு அவள் உயரத்துக்குத் தொங்குகிறது.
நெஞ்சுக்கும் கீழே.

குனிகிறேன்.