அட்டை

டுலூத்தில் ஜனவரி, மூன்றாம் ஷிப்ட்.
ஹேங்கர் கதவைத் திறந்தால்
ஏரி பல்லோடு உள்ளே வரும்.

கழுத்துப்பட்டை நீலம் என்றால் பழைய சங்கம்,
ஆரஞ்சு என்றால் நாங்கள்.
அவர்களிடம் பெட்டி ஏற்றுகிறவர்களும் உண்டு,
கவுண்டரில் நிற்கிறவர்களும் உண்டு.
'உரிமம் வாங்கிய கைக்கும் வாங்காத கைக்கும்
ஒரே ஒப்பந்தமா?'
எங்கள் துண்டறிக்கையில் அந்த வரியை எழுதியவள் நான்.
என் தம்பி பெட்டி ஏற்றுகிறான்.
அதற்குப் பிறகு
ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவன் வருவதில்லை.

தேர்தல் வைக்கப் பாதிக்கு மேல் கையெழுத்து வேண்டும்.
சாப்பாட்டு அறையில், பார்க்கிங்கில்,
கழிப்பறையில் கை உலர்த்தும் எந்திரம் இரையும்போது
அட்டை நீட்டினேன்.
சிலர் பேனா கேட்டார்கள்.
சிலர், என் பென்ஷனுக்கு நீ ஜவாப்தாரியா என்றார்கள்.
பாவ் ஷியாங் மட்டும் உட்கார்ந்து படித்தான்,
பழுது அறிக்கை படிப்பதுபோல், பொடி எழுத்து வரைக்கும்.
"டார்க் அளவு எங்கும் போடவில்லையே,
எவ்வளவு இறுக்குவீர்கள்?"
திருப்பிக் கொடுத்துவிட்டான்.

கம்பெனி இரண்டு மேசைக்கும் டோனட் அனுப்பியது.
ஒரே கடை. ஒரே எண்ணிக்கை.

என் டூல்பாக்ஸ் மூடியில் யாரோ
துரோகி என்று மார்க்கரால் எழுதியிருந்தார்கள்,
எழுத்துப் பிழையோடு.
பிழையைத் திருத்தி அப்படியே விட்டேன்.

வெண்டெல் ஆஹோ பழைய சங்கத்தின் பிரதிநிதி.
பத்தொன்பது வருடத்து நீல ஜாக்கெட்.
கூட்டத்தில் என் பக்கம் விரல் நீட்டி
"முதலாளி வைத்த ஆள்" என்றவர்.
அன்றிரவு
சக்கரக் குழிக்குள் தலையை நுழைத்து
நான் பூட்டுக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தபோது
டார்ச் பிடிக்க வந்தார், கூப்பிடாமலே.
என் கையின் நிழல் என் வேலையின் மேலேயே விழாத
அந்தக் கோணம்
எல்லாருக்கும் தெரிந்துவிடாது.

கம்பியின் வாலை நான் மடக்கியதும்,
"ஒன்று கொடு" என்றார்.

பெயர். ஊழியர் எண். தேதி.
ஹைட்ராலிக் எண்ணெய்க் கட்டைவிரல்
ஓரத்தில் ஊதாவாகப் பதிந்தது.
"பெரிய பழுதுவேலையெல்லாம் தெற்கே போனதே,
அந்த ஒப்பந்தத்தில் எங்கள் ஆட்கள் கையெழுத்துப் போட
பேனா எடுத்துக் கொடுத்தது நான்தான்."

காலையில் பார்க்கிங்கில்
கார்க் கண்ணாடியின் பனியைச் சுரண்டிக்கொண்டே
திரும்பக் கேட்டார்.
சுரண்டிய இடத்தையே மறுபடி சுரண்டினார்.
"தபாலில் போட்டாச்சு" என்றேன்.

போடவில்லை.
என் டூல்பாக்ஸின் கீழ் இழுப்பறையில்
மொட்டையான டிரில் முனைகளுக்கு அடியில் கிடந்தது.
ஏன் போடவில்லை, ஏன் திருப்பித் தரவில்லை,
இரண்டுக்கும் என்னிடம் விடை இல்லை.
அட்டை என்றாலே ஒட்டிக்கொள்வதுதான்.
உப்புப் போட்டால் விழுந்துவிடும் என்பார்கள்.
இந்த ஊர்த் தெரு முழுக்க,
பூட்ஸ் முழுக்க, கால்மிதி முழுக்க உப்பு.

கெடு நாளில் எண்ணினோம்.
இருபத்து மூன்று குறைந்தது.
அவருடையதைச் சேர்த்திருந்தால்
இருபத்திரண்டு.

ஆரஞ்சுப் பட்டையை நான் இன்னும் கழற்றவில்லை.
நீலக்காரர்கள் கேக் வெட்டினார்கள்;
ஒரு துண்டு என் டூல்பாக்ஸ் மேல் வைத்திருந்தது,
கேலியா கருணையா தெரியவில்லை.
பசித்தது, தின்றேன்.

நேற்று மூக்குச் சக்கரத்தில் வேலை.
நான் முறுக்கிய கம்பியை
ஆஹோ இழுத்துப் பார்த்தார், இரண்டு தடவை.
வேலைச்சீட்டில் என் கையெழுத்துக்குக் கீழே
அவருடையது,
அட்டையில் இருப்பதைவிட நிதானமாக.
பேனாவை என்னிடம் நீட்டியபடி,
"இந்தக் குளிரில் தபால்
மெதுவாகத்தான் போகும், இல்லையா?" என்றார்.

விமானத்தை வெளியே இழுக்க
டிராக்டர் வந்து நின்றது.
கதவு திறந்தது.