முழுத்தொகையும் வந்துவிட்டதல்லவா

ப்ராங்க்ஸ், நீதிமன்றத்துக்கு எதிர்க்கட்டடம், நான்காம் மாடி.
ஜன்னல் திறக்காத அறை.
தட்டில் யாரும் தொடாத பிஸ்கட்.
நார்சிசா கில்காவுக்கும் கம்பெனி வக்கீலுக்கும் நடுவே
என் நாற்காலி.
அவள் ஸ்பானிஷை நான் ஆங்கிலமாக்க வேண்டும்.
'அவள் சொல்கிறாள்' என்று சொல்லக் கூடாது,
'நான்' என்றே சொல்ல வேண்டும்.
இது தொழில் விதி.

ஆகவே காலை ஒன்பதரையிலிருந்து
நான்தான் ஹண்ட்ஸ் பாயிண்ட் சலவைக்கூடத்தில் நிற்கிறேன்.
பதினோரு ஹோட்டல்களின் படுக்கை விரிப்பு
ஈரக் கனத்தோடு என் கைக்கு வருகிறது.
உதறுகிறேன், உருளைக்குள் ஊட்டுகிறேன்,
மறுமுனையில் ஃபன்தா மடிக்கிறாள்.

வேலை நேரத்தில் கால் பங்காவது
உடலுழைப்பு என்பீர்களா?

அவள் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்க்கிறாள்.
மீதி முக்கால் பங்கில்
நான் என்ன செய்கிறேனாம்?
கேட்டுச் சொல்லுங்கள், எனக்கும் தெரியவேண்டும்.

தட்டச்சு செய்யும் பெண்
உதட்டைக் கடித்துக்கொள்கிறாள்.

உடலால் உழைப்பவர் கூலி வாராவாரம்,
வாரம் முடிந்த ஏழு நாளுக்குள்.
இந்த மாநிலத்தின் பழைய சட்டம்.
குதிரை வண்டிக் காலத்துச் சட்டம் என்று
வக்கீல் ஓரமாகச் சிரிக்கிறார்.
அதையும் அவளுக்குச் சொன்னேன்.
குதிரைக்கே ஏழு நாள் போதுமென்றால்
உங்கள் கம்ப்யூட்டருக்கு ஏன் பதினாலு?

கேள்வி கேட்பது நான் என்றார் அவர்.
பிறகு மெதுவாக,
பேனாவை மூடி வைத்துவிட்டு:
முழுத்தொகையும் வந்துவிட்டதல்லவா?
வந்தது.
ஒரு சென்ட் குறைந்ததா?
இல்லை.
அப்படியானால் நீங்கள் இழந்தது என்ன?

மௌனத்தை மொழிபெயர்க்க எனக்கு அனுமதியில்லை.
நானும் சும்மா இருந்தேன்.

வாடகை ஒன்றாம் தேதி, சம்பளம் ஐந்தாம் தேதி.
நடுவில் நாலு நாளுக்கு அபராதம் ஐம்பது டாலர்.
ரயில் அட்டைக்குப் பத்து டாலர் எடுத்ததற்கு
பேங்க் முப்பத்து நாலு பிடித்தது.
மூலைக்கடை முக்பிலின் நோட்டில் எனக்கென்று ஒரு பக்கம்,
என் பெயரை அரபியில் எழுதியிருக்கிறான்,
கடன் மட்டும் எனக்கு வாசிக்கத் தெரிகிற எண்ணில்.

பையனின் பள்ளிச் சுற்றுலா. மீன் காட்சியகம்.
பதினெட்டு டாலர், புதன்கிழமைக்குள்.
வெள்ளிக்கிழமை என்னிடம்
பதினெட்டு டாலர் இருந்தது.

இதைச் சொல்லும்போது என் குரல் பிசகியது.
எனக்குப் பிள்ளை கிடையாது.

அவள் நிறுத்தவில்லை.
முக்பில் எனக்குக் கடன் கொடுத்தான்,
நான் கம்பெனிக்குக் கொடுத்தேன்.
ஆறு வருஷமாக, மாதம் இரண்டு முறை
ஒரு வாரத்தின் என் கூலி அவர்கள் பெட்டியில் தங்கியது.
எங்கள் ஷிப்டில் மட்டும் நாற்பத்தேழு பேர்.
நாங்கள் ஒரு பேங்க் நடத்தியிருக்கிறோம் ஐயா,
வெந்நீர்க் குழாய்க்குக் கீழே நின்றுகொண்டு.
வட்டி கேட்கலாமென்று
எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

ஆட்சேபம். பதில் கேள்விக்கு வெளியே போகிறது.

பதிவாகட்டும் என்றார் அவள் தரப்பு வக்கீல்.
பதிவானது: ஆங்கிலத்தில்,
என் வாயால்,
'நாங்கள்' என்று.

ஐந்தே முக்காலுக்கு லிப்டில் அவளும் நானும்.
இனி என் 'நான்' எனக்கே.
உங்களுக்கு எப்போது தருவார்கள் என்று கேட்டாள்.
பில் அனுப்பவேண்டும். அறுபது நாள்.
சில நேரம் தொண்ணூறு.
அந்தச் சட்டம்?
கை வேலைக்குத்தான். என்னுடையது நாக்கு.

சிரிக்க ஆரம்பித்தாள், பாதியில் விட்டாள்.
வெளியே ஈரப் பனி,
நாலாம் நம்பர் ரயில் தலைக்கு மேலே தடதடத்தது.
அவள் பையைத் திறந்து
காகிதக் கைக்குட்டையை விரித்தாள்.
அந்த அறையின் பிஸ்கட், ஆறு.
மூன்றை எண்ணி என் கையில் வைத்தாள்.

படியேறும்போதே தின்றுவிட்டேன்.
மதியத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.