இடப்பாகம்

பதினோரு படம் அனுப்பியிருந்தான் ஜாம்நகர்க்காரன்.
எல்லாம் இடது பக்கம்.
எழுபத்தொண்ணாம் வருசத்து அம்பாசடர்.
கூரையை நாலு அங்குலம் அறுத்து இறக்கி,
பானட்டைக் கழற்றி எறிந்து,
எஞ்சினை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு,
முன்சக்கரத்திலிருந்து பின்கதவு வரை மஞ்சள் தீ.
ஹாட் ராட் என்று எழுதியிருந்தான்.

கொல்லிமலை அடிவாரத்தில் ஓடும் ரிக்குக்கு
டீசல் கணக்குப் போட்டு மூடிவைத்த ராத்திரி
நாலரை லட்சத்தைத் தட்டிவிட்டேன்.
கைபேசி சுற்றிச் சுற்றி யோசித்தது.
நான் யோசிக்கவில்லை.

"வலப்பக்கம் பார்க்காமலா?"
கேட்டது கொழுந்தனார் குழந்தைவேலு.
உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு
ஊரான் காட்டில் நடப்பவர்.
அது எழுந்து நின்ற இடத்திலெல்லாம்
துளை போடச் சொன்னவர்.
அவர் கேட்கிறார்.

திருச்செங்கோட்டுக்காரிக்குப் பாதியைக் காட்டினால் போதாதா,
மலைமேல் இருக்கிறவர்களே
ஆளுக்குப் பாதிதானே என்றேன்.
சிரிக்கவில்லை மனுசன்.

விற்பனைச் சீட்டின் அடியில் பொடி எழுத்து:
உள்ளது உள்ளபடி. பிறகு பேச்சில்லை.
அது எனக்குப் பழக்கமான வாசகம்தான்.
எங்கள் பில் புத்தகத்தில்
பிள்ளையார் சுழிக்குக் கீழே
சிவப்பு மையில் இருக்கும்:
தண்ணீருக்கு நாங்கள் பொறுப்பல்ல.
பதினாறு வருசமாக அதன்கீழ் கையெழுத்து வாங்குகிறேன்.
ஆயிரத்து நூறு அடி, பொகை.
ஆயிரத்து நானூறு, பொகை.
அடிக்கு இவ்வளவென்று கூட்டி,
கேசிங் பைப் தனியென்று எழுதி,
ரசீது கிழிக்கிறபோது
எதிரில் நிற்கும் முகத்தைப் பார்க்காமலிருக்க
எனக்குத் தெரியும்.

பத்தொன்பதாம் நாள் கருக்கலில் வந்தது ட்ரெய்லர்.
சங்ககிரி ரோட்டில் எங்கள் பட்டறை முன்னால்.
சத்தீஸ்கர் பையன்கள்
போர் மண் அப்பிய முகத்தோடு
சக்கரத்துக்குக் கல் கொடுத்து இறக்கினார்கள்.

வலப்பக்கம் சுற்றி வந்தேன்.
அங்கே தீ இல்லை.
பெயிண்ட் தீர்ந்துபோயிருக்கும், அல்லது பொறுமை.
கதவின் அடியில் என் கை நுழைகிற ஓட்டை.
மேலே, கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில்
ஆணியடித்த ப்ளைவுட்.
ஆர்.சி. புத்தகத்தில் வண்டி கறுப்பு.

டிக்கியைத் திறந்த பையன் கத்தினான்:
"அக்கா, பானீ!"
ஸ்டெப்னி கிடக்கவேண்டிய குழியில்
முக்கால் குடம் தண்ணீர்.
எந்த ஊர் மழையோ,
நர்மதைக்கு அந்தப்பக்கமோ இந்தப்பக்கமோ.
கொசுப்புழு நெளிந்தது.
ஓரடிகூடத் துளைக்காமல் கிடைத்த தண்ணீர்.
குழந்தைவேலு எட்டிப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல்
காலி உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

நாலாவது தடவைக்குக் கிளம்பியது.
கம்ப்ரசர் போட்ட மாதிரி ஒரு சத்தம்;
கடலைக்காட்டு மயில்கள் ஒருசேரப் பதில் கொடுத்தன.
கொக்கராயன்பேட்டை வரை ஓட்டினேன்.
ரோட்டோரம் நிற்பவர்களுக்கு எப்போதும் இடப்பக்கம்தான்.
பால்கேனைக் கீழே வைத்துவிட்டுத் தீயைப் பார்த்தார்கள்.
எனக்கு மட்டும்
ஓட்டை வழியாக முழங்காலில் காற்று.

திரும்பும்போது பெட்ரோல் பங்கில்
பொங்கியண்ணன் நின்றிருந்தார்.
மல்லசமுத்திரம் பக்கம் நாலு ஏக்கர்.
மூணு வருசத்துக்கு முன்னால், ஆயிரத்து முன்னூறு, பொகை.
மொபெட்டை ஸ்டாண்டு போட்டுவிட்டு
நேராக என் பக்கமே வந்தார்.
ப்ளைவுட்டைத் தட்டினார்.
குனிந்து, ஓட்டைக்குள் இரண்டு விரல் விட்டுப் பார்த்தார்.

"எத்தனை போச்சுது, அம்முணி?"
"நாலரைங்க."
"பாக்காமயா?"
"பாக்காமத்தானுங்க."
கொஞ்சநேரம் கழித்து,
"தண்ணி?"
"முக்காக் குடமுங்க. டிக்கில."

இந்தமுறை முகத்தைப் பார்த்தேன்.
இடது புருவத்தில் ஒரு வெட்டுத்தழும்பு;
அன்றைக்கும் இருந்திருக்கும்.

அவர் என்னிடம் பேசவில்லை.
பெட்ரோல் அடிக்கிற பையனைப் பார்த்துச் சொன்னார்:
"வண்டிய அந்தாண்ட திருப்பி நிறுத்தச் சொல்லு கண்ணு.
சனம் பாக்குது."